கவிழ்த்து வைத்த குவளை

அரசு மனநோய் மருத்துவமனையில் முப்பத்தேழு ஆண்டுகள் வார்டராகப் பணியாற்றி, ஒரு நாளும் தாமதமாக வராமலும், சீருடையில் ஒரு பொத்தானும் குறையாமலும் ஓய்வு பெற்ற, வந்தவாசி வட்டம் முத்துவேலுவின் தலைமகன் தெய்வசிகாமணி என்பான் நானே. வயது எண்பத்தாறு நிறைந்து எண்பத்தேழு நடக்கிறது. தாங்கள் கேட்கவில்லைதான். ஆயினும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் யார் என்று அறிந்திருப்பது முறை. தங்கள் கண்ணிலும் சொட்டு விட்டுவிட்டார்கள் அல்லவா? எரிகிறதா? எரியும். பிறகு அடங்கும்.

தங்கள் ஊர் ஆரணி என்றீர்கள். நல்ல ஊர்.

சற்று முன் அந்த நர்ஸ் அம்மாள் என்னிடம் வரிசையாகக் கேட்டது தங்கள் காதிலும் விழுந்திருக்கும். "தாத்தா, சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? எப்பவாச்சும் வலிப்பு வந்திருக்கா?" மூன்றாவது கேள்விக்கு நான் "இல்லை" என்று சொல்வதற்குச் சற்றுத் தாமதமாயிற்று. "என்னா தாத்தா, யோசிக்கிறீங்க?" என்றாள். யோசிக்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய விடை அரசாங்கப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அது எப்படி அங்கே ஏறியது என்பதைத்தான் தங்களிடம் சொல்லப் போகிறேன். என் மகள் திலகவதி கீழே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

நான் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மற்றவையெல்லாம் நானே கற்றவை. நோயாளிகளின் உறவினர் தின்பண்டம் சுற்றிக்கொண்டு வரும் செய்தித்தாள்களைக்கூட நான் மடித்து வைத்துப் படிப்பேன். ஆகவே சக ஊழியர்கள் எனக்குப் "பேப்பர் வார்டர்" என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பொறாமை. வேறொன்றுமில்லை.

அக்காலத்தில் ஷாக் சிகிச்சை எவ்வாறு நடைபெற்றது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். இப்போது மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துச் செய்கிறார்களாம். அன்று அதெல்லாம் கிடையாது. ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு கம்பிகள். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் திண்டுகளை நெற்றிப் பொட்டில் வைத்து, பல்லுக்கிடையில் ரப்பர்க் கட்டையைக் கொடுத்து, விசையை அழுத்தினால் நோயாளிக்கு வலிப்பு வரும். அந்த வலிப்புதான் மருந்து. எலும்பு முறியாமல் இருக்க நால்வர் பிடிக்க வேண்டும். இடுப்புக்கு ஒருவர், முழங்காலுக்கு இருவர், தோளுக்கு ஒருவர். தோள் என்னுடையது. ஒன்பது ஆண்டுகளில் எத்தனை தோள்களைப் பிடித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு தோளும் நழுவியதில்லை.

"அண்ணே, வலிக்குமாண்ணே?" என்று ஒவ்வொருவனும் கேட்பான். "எறும்புக் கடி. அவ்வளவுதான்" என்பேன். "நேத்து நடந்தது மறந்து போயிடுதுண்ணே" என்று சிலர் அழுவார்கள். "மறக்கத்தக்கதைத்தான் மறப்பாய். போய்க் கஞ்சி குடி" என்று தேற்றி அனுப்புவேன். ஆறுதல் சொல்லும் கலை எனக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

இனி குவளைக்கு வருகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் ஷாக் நாட்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு அன்று காலைக் கஞ்சி கிடையாது. வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஆனால் பெயரைக் கூப்பிட்டால் ஒருவனும் வர மாட்டான். ஆறுமுகம் என்று கூப்பிட்டால் ஆறுமுகம், "நான் ஏகாம்பரம்" என்பான். ஏகாம்பரம் கட்டிலுக்கடியில் இருப்பான். ஒரு முறை சிகிச்சைக் கூடத்து ஆட்கள் தவறான மனிதனைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அப்போது நான் ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தேன். விடியற்காலையில் வார்டர் பட்டியலைப் பார்த்து, உரியவனின் கட்டில் தலைமாட்டில் இருக்கும் அலுமினியக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கவிழ்ந்த குவளைக்குக் கஞ்சி இல்லை. கவிழ்ந்த குவளையின் கட்டிலில் யார் இருக்கிறானோ அவனைத் தூக்க வேண்டும். பெயர் கேட்கவே கூடாது. மனிதன் பொய் சொல்வான், குவளை சொல்லாது.

சூப்பிரண்டு அய்யா என் முதுகில் தட்டி, "சிகாமணி, அடுத்த ஹெட் வார்டர் நீதான்யா" என்றார். சிகிச்சைக் கூடத்துச் சுவரில் ஒரு பலகையும் வைக்கச் சொன்னார். வாசகம் நானே இயற்றி, நானே வெள்ளை வண்ணத்தில் எழுதினேன்: "நோயாளி தன்னை யாரென்று கூறினும் செவிசாய்க்கற்க. குவளையே சான்று." எத்தனை கச்சிதம், பாருங்கள். ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

தங்கள் ஊர் எது என்றீர்கள்? ஆரணியா? நல்ல ஊர்.

அந்த ஆண்டு என் வார்டில் பதினேழாம் கட்டிலில் வேதாசலம் என்று ஒருவர் இருந்தார். தந்தி கொண்டு போய்க் கொடுக்கும் தபால் ஊழியர். அவருடைய பைத்தியம் விசித்திரமானது. சாவுத் தந்திகளை மட்டும் கொடுக்க மாட்டார். வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்கில் பதினொரு சாவுத் தந்திகள் அகப்பட்டன. காரணம் கேட்டதற்கு, "தெரியாத வரைக்கும் ஆளு உசுரோடதானே சார் இருக்காங்க?" என்றாராம். அண்ணன்மார் கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். மற்றபடி சாது. என் செய்தித்தாளைக் கசக்காமல் படித்துத் திருப்பித் தருபவர் அந்த வார்டிலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஆறு ஷாக் விதித்திருந்தார்கள். ஆறும் இடைவிடாமல் முடிந்தால் குணம் என்று சான்று. தபால் இலாகாவும் இரக்கப்பட்டு, தந்தி வேண்டாம், முத்திரை குத்தும் வேலையில் சேரலாம், ஆனால் செப்டம்பர் பதினாறாம் தேதி திங்கட்கிழமைக்குள் சான்றோடு வர வேண்டும், இல்லையேல் நீக்கம் என்று எழுதியிருந்தது. ஐந்து ஷாக் ஆகிவிட்டது. ஆறாவது, செப்டம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு நேரடியாகத் தெரிந்ததன்று. பிறர் சொல்லக் கேட்டது. அதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

அது வேளாங்கண்ணித் திருவிழாச் சமயம். சிகிச்சைக் கூடத்து லூர்துசாமியும் அவருடைய ஆட்களும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். பதிலுக்குச் சமையற்கட்டில் புதிதாகச் சேர்ந்திருந்த கண்ணாயிரம், பாஷா என்று இருவரை அனுப்பியிருந்தார்கள். என்னைப் பார்த்தறியாதவர்கள். டாக்டரும் அந்த வாரம்தான் பணியில் சேர்ந்த இளைஞர். நானோ விடுப்பில் போனவருக்குப் பதிலாகத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்டிலும் பணியில் இருந்தேனாம். காய்ச்சலாம். பட்டியலைப் பார்த்துக் குவளைகளைக் கவிழ்த்து முடித்ததும், யாரோ ஒரு நோயாளி என் காக்கிச் சட்டையில் வாந்தி எடுத்தானாம். சட்டையைக் கழற்றி அலசிப் போட்டேனாம்.

வேதாசலம் எழுந்து வந்து, "அண்ணே, ஒடம்பு அனலா கொதிக்குது. இந்தாங்க, எஞ்சட்டைய போட்டுக்குங்க. அஞ்சு நிமிசம் என் கட்டில்ல சாயுங்க. நான் பல்லு வெளக்கிட்டு வந்துர்றேன்" என்றாராம்.

நான் சாய்ந்தேனாம்.

பதினேழாம் கட்டில். நோயாளிச் சட்டை. தலைமாட்டில் கவிழ்ந்த குவளை. என் கையால் நானே கவிழ்த்தது.

வேதாசலம் உள்நோக்கத்தோடு செய்தார் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். நான் ஒருபோதும் அவ்வாறு எண்ணியதில்லை. அவர் இரக்கமுள்ளவர். அன்று காலை அவர் இரண்டு குவளைக் கஞ்சி குடித்தார் என்பது மட்டும் உண்மை.

கண்ணாயிரமும் பாஷாவும் என்னைத் தூக்கியபோது நான் விழித்துக்கொண்டு, "டேய், நான் வார்டர்டா!" என்றேனாம்.

"ஆமாமா. போன கட்டிலுக்காரன் கலெக்டராம். நீ வார்டராவது கொஞ்சம் கம்மியா ஆசப்பட்டிருக்க" என்றானாம் பாஷா.

"சூப்பிரண்டைக் கூப்பிடுங்கடா!"

"கூப்பிடலாம், கூப்பிடலாம். மொதல்ல படு மாமா."

கூடத்தில் என்னைக் கிடத்தியதும் நான் சுவரிலிருந்த பலகையைக் காட்டி, "அதை எழுதியவனே நான்தான்!" என்று கத்தினேனாம். கண்ணாயிரம் எழுத்துக்கூட்டி அதை உரக்கப் படித்துவிட்டு, "போர்டுலயே போட்டிருக்கு டாக்டர், இன்னார்னு சொன்னா நம்பாதேன்னு" என்றானாம். டாக்டர் என் கேஸ் ஷீட்டில், மன்னிக்கவும், வேதாசலத்தின் கேஸ் ஷீட்டில், "தன்னை ஊழியர் என்று கூறிக்கொள்கிறார்; பிடிவாதம் நீடிக்கிறது" என்று எழுதிக்கொண்டு, "தோள் பிடிக்கிற வார்டர் எங்கப்பா?" என்று கேட்டாராம்.

"இன்னும் வரலீங்க."

எட்டு மணி வரைக்கும் காத்திருந்தார்களாம் எனக்காக. நான் வரவில்லை. பிறகு தோளைப் பாஷாவே பிடித்தானாம். சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இடது தோள்பட்டை மழைக்காலத்தில் இன்றும் சொல்லும்.

எல்லாம் முடிந்து பாயில் கிடத்தியிருந்தபோது, பெருக்க வந்த பட்டம்மாள்தான் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இது நம்ம பேப்பர் வார்டரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். நான் அவளைப் பார்த்து, "நீ யார்?" என்றேனாம். அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் மிகைப்படுத்துகிறவள்.

எனக்கு நினைவுள்ளபடி சொல்கிறேன், கேளுங்கள். செப்டம்பர் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை நான் வீட்டுக்கு நடந்து போகிறேன். வழியில் ஒரு பூக்காரி முறத்தை உதறுகிறாள். அடுத்ததாகச் சனிக்கிழமை மாலை. என் வீட்டில் படுத்திருக்கிறேன். நாக்கில் ரத்தச் சுவை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இதை மறதி என்று சொல்வது பிழை. நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கதாக அந்நான்கு நாட்களில் எதுவும் நிகழவில்லை என்பதே பொருள்.

புதன்கிழமை என் மகளுக்குப் பெயர் சூட்டினோம் என்று வீட்டில் சொன்னார்கள். நிகழ்ந்திருக்கும். நான் மறுக்கவில்லை. முதல் குழந்தை. மாமியாரின் பெயரான பச்சையம்மாள் என்பதையே வைப்பதாகப் பேச்சு. ஆனால் நான் குழந்தையை மடியில் வாங்கி, காதில் மூன்று முறை "திலகவதி" என்று சொல்லிவிட்டேனாம். சபையே திகைத்துப் போயிற்றாம். "ஏன் இந்தப் பேரு?" என்று மனைவி கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சிரித்தேனாம். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் எவருக்கும் கிடையாது. காரணம் இருந்திருக்கும். நான் காரணமில்லாமல் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறவன் அல்லன்.

சரி. திங்கட்கிழமை பணிக்குச் சென்றேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா பேப்பரு, எறும்பு கடிச்சிச்சா?" "தலைப்புச் செய்தி இன்னாப்பா இன்னிக்கி?" சமையற்கட்டில் யாரோ என் தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அன்று மாலையே ஒரு மனு எழுதினேன். முழுத்தாளில் நான்கு பக்கம். "நீதியின் துலாக்கோலைக் கையிலேந்தி நிற்கும் மேன்மை தங்கிய சமூகத்திற்கு" என்று தொடங்கும். தவறு செய்தோர் தண்டிக்கப்பட வேண்டும். எனக்கு நேர்ந்த அவமதிப்பு பதிவேட்டில் ஏற வேண்டும். நான் அதைவிடச் சிறந்த உரைநடை எழுதியதில்லை.

சூப்பிரண்டு அய்யா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்க. குடு, மேல அனுப்பறேன். ஆனா ஒண்ணு. ஆறாவது ஷாக் உனக்குப் போச்சுன்னு ஏறிச்சுன்னா, அந்தத் தந்திக்காரனுக்கு அஞ்சுதான் ஆச்சு. இடையில நின்னா மொதல்லேர்ந்து ஆறு குடுக்கணும்கிறது சட்டம். மூணு வாரம். சனிக்கிழம சான்று குடுக்கற கமிட்டி உட்காருது. வார்டு சாட்சி நீதான். யோசிச்சுக்க" என்றார். மனுவை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உண்மை உண்மைதான். வேதாசலத்துக்கு மீண்டும் ஆறு என்றால் ஆறு. அவ்வாறுதான் எண்ணியிருந்தேன்.

புதன்கிழமை மதியம் வேதாசலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அண்ணே, எறும்பு கடிதானாண்ணே?" என்று கேட்டார். மற்றவர்களைப் போல ஏளனமாக அல்ல. "எங்கிட்ட அஞ்சு தபா சொன்னீங்க. நெசமான்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

"எறும்புக் கடிதான்" என்றேன். நினைவில்லாத ஒன்றைப் பற்றி வேறென்ன சொல்வது?

அவர் தலையாட்டிக்கொண்டார். "நான் கத்தினேண்ணே, அது அவரு டம்ளர் இல்லன்னு. ஒனக்கு இன்னாடா, போய்க் கஞ்சி குடின்னுட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கெழம ராத்திரி நீங்க எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. பாப்பாவுக்கு ஏன் அந்தப் பேரு வெச்சீங்கன்னு. ஒங்க பொண்டாட்டிக்கிட்டக்கூட இன்னும் சொல்லலேன்னு சொன்னீங்க. சொல்லிட்டு அழுதீங்கண்ணே. ஞாபகம் இருக்கா?"

தாங்கள் என் நிலையில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் நோயாளி. நான் வார்டர். "ஏன் இல்லாமல்?" என்றேன்.

"அப்ப சரிண்ணே" என்று எழுந்து போய்விட்டார். தந்தி கொடுக்காமல் திரும்பிப் போகிறவரைப் போல.

சனிக்கிழமை காலை கமிட்டி கூடிற்று. நீண்ட மேசை. வேதாசலம் ஒரு பக்கம் நின்றார். சன்னல் வழியாக வாசலில் அவர் மனைவி ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பையின் வாயில் ஒரு மடித்த காக்கிச் சட்டை, தபால்காரர் சட்டை, இஸ்திரி போட்டது. என் சட்டைப் பையில் நான்கு பக்கங்கள்.

"ஆறு சிகிச்சையும் இவர் பெற்றாரா?" என்று கேட்டார்கள்.

வேதாசலம் என்னைப் பார்க்கவில்லை. தன் தோள்களைச் சற்றே உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அவ்வாறு உயர்த்துவது எனக்குப் பழக்கமான ஒன்று. மேசையில் கிடத்தியவுடன் எல்லோரும் அவ்வாறுதான் உயர்த்துவார்கள். அவற்றைக் கீழே அழுத்துவதே என் வேலை.

"பெற்றார்" என்றேன். கையொப்பமிட்டேன். தமிழில், முழுப் பெயராக.

இதைக் கேட்டு என்னைக் கருணை உள்ளம் படைத்தவன் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பலர் அவ்வாறு தவறாக எண்ணியிருக்கிறார்கள். காரணம் வேறு. குவளை ஏற்பாடு என்னுடையது. அது பிழைபட்டது என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க நான் என்ன முட்டாளா? அவ்வளவுதான். அதனால்தான் ஹெட் வார்டர் பதவி லூர்துசாமிக்குப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை. சிகிச்சைக் கூடத்துப் பணிக்கு அதன் பிறகு நான் போகவில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. தோட்டப் பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் வலித்தது. ஓய்வு பெற்ற மறுநாள் நின்றுவிட்டது. மருத்துவத்தில் விளக்க முடியாத செய்திகள் உண்டு.

கமிட்டி முடிந்து வேதாசலத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டடி போய்த் திரும்பி வந்தார். என் காதருகே குனிந்து, "அண்ணே, பாப்பா பேரு விசயம்... நான் சொல்லட்டுமாண்ணே?" என்றார்.

ஒரே ஒரு சொல். "சொல்" என்றிருக்கலாம்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஷாக் பெற்றவர் அவர், நான் அல்லன் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதானே கையொப்பமிட்டிருக்கிறேன்? ஷாக் பெறாதவனுக்கு மறதி எப்படி வரும்? அவர் சொல்ல நான் கேட்டால், அந்தக் கையொப்பம் பொய்யாகிவிடாதா?

"தேவையில்லை. எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரிண்ணே" என்று போனார். சில ஆண்டுகள் கழித்து வேறொரு காரியமாக அவர் ஊர்த் தபால் நிலையத்துக்கு நான் செல்ல நேர்ந்தது. மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பிறந்த நாளிலும் மகள் கேட்பாள். "அப்பா, எனக்கு ஏம்பா இந்தப் பேரு வெச்சீங்க? அம்மாவுக்கும் தெரியலயாமே." அம்மா போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. "நாளைக்குச் சொல்கிறேன்" என்பேன். சிரிப்பாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது.

தங்கள் ஊர் எது என்றீர்கள்?

பொறுங்கள். செருப்புச் சத்தம். அது அவள் நடைதான். இடது காலைச் சற்று அழுத்தி வைப்பாள். இந்தப் பேச்சு நம்மோடு இருக்கட்டும். ஆம், வா அம்மா. ஐயா ஆரணிக்காரர். சும்மா பேசிக்கொண்டிருந்தோம். பழைய உத்தியோகக் கதை.

யார், நர்ஸ் அம்மாளா? என் முறையா? என்ன சொன்னீர்கள் அம்மா? கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியா? எறும்புக் கடி போலத்தான் இருக்குமா?

இல்லை, இல்லை. பயமில்லை. தோளைப் பிடிக்க வேண்டியதில்லை, நானே வருகிறேன். திலகவதி, நீ மட்டும் கையைக் கொடு. ஒன்றுமில்லை. சும்மா கொடு.

என்ன அம்மா, படிவமா? வலிப்பு வந்ததில்லை என்றே இருக்கட்டும். இதில் மறுபடியும் யோசிக்க ஏதுமில்லை. அந்த விவகாரம் கீலக வருடம் ஆவணி மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு செப்டம்பர் பதினான்காம் நாள், சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு முடிவு செய்யப்பட்டது.